பழைய ஏஎம்4 மதர்போர்டுக்கு எந்த ப்ராசசர்: 5500, 5600, 5600ஜி

2017-இல் வெளிவந்த முதல் தலைமுறை ரைசன் (ஏஎம்டி நிறுவனத்தின்) ப்ராசசர் கொண்ட டெஸ்க்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்கள், அதன் ப்ராசசர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டிலேயே புதியவையும் பொருந்துவதால், மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமலே ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலோ முதல் தலைமுறை ரைசனுக்கு இடமில்லை. ஆகவே இந்த மாற்றத்தை இனியும் தள்ளிப்போடுவதில் பயனில்லை. குறைந்த செலவு என்று பார்த்தால் ரைசன் 5 5500, 5600, 5600ஜி ஆகிய மூன்றுமே முதலில் கண்ணில் படுகின்றன.

மூன்றும் 6 கோர், 12 த்ரெட், 65 வாட். உச்ச வேகம் 5500-க்கு 4.2 கிகாஹெர்ட்ஸ், மற்ற இரண்டுக்கும் 4.4. இந்தச் சிறு இடைவெளியைப் பார்த்து முடிவெடுப்பது தவறு. கவனிக்க வேண்டியது எல்3 கேச், அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம். 5600-இல் அது 32 எம்பி. மற்ற இரண்டிலும் 16 எம்பிதான், ஏனெனில் 5500 என்பது 5600ஜி-யின் சில்லில் கிராபிக்ஸ் பகுதியை முடக்கி வெளியிடப்பட்டது. கேச்சில் கிடைக்காத தரவுக்காக கோர்கள் ரேம் வரை போய்வந்து காத்திருக்க நேர்வதால், கேம்களில், அதுவும் வேகமான கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது, 5600 தெளிவாக முந்துகிறது. இணையம், ஆவணங்கள், கணக்குத் தாள்கள் போன்ற அன்றாட வேலைகளில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

5600-க்கு பிசிஐஇ (கிராபிக்ஸ் கார்டை ப்ராசசரோடு இணைக்கும் தடம்) 4.0 வசதி உண்டு என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஏ320, பி350 போன்ற அந்தக் கால (300 வரிசை) மதர்போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது 3.0-தான்.

5600ஜி-யின் சிறப்பு உள்ளமைந்த கிராபிக்ஸ். ஆனால் ரைசன் 5 1600 போன்ற முதல் தலைமுறை ப்ராசசர்களில் அது இல்லாததால், அவற்றை வைத்திருப்பவரிடம் கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே இருக்கும். அந்த கார்டு பழுதடைந்திருந்தால் மட்டுமே 5600ஜி-யைப் பரிந்துரைப்பேன். அப்போதும் ஒற்றை ரேமோடு ஓட்டாமல் இரண்டாகப் போடுவது அவசியம், ஏனெனில் அந்த கிராபிக்ஸ் ரேமையே நம்பி இயங்குகிறது.

என் தேர்வைச் சொல்வதானால், நல்ல கார்டு வைத்து கேம் விளையாடுபவருக்கு 5600, மற்றவர்களுக்கு 5500. விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறதென்றால், 5500-இல் மிச்சமாகும் பணத்தை எஸ்எஸ்டி-யில் போடுவது கூடுதல் பலன் தரும்.

எதை வாங்கினாலும், பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட வேண்டும். 300 வரிசை மதர்போர்டுகளில் இந்த ப்ராசசர்களுக்கான ஆதரவு 2022-இல்தான் வந்தது என்பதால், உங்கள் மதர்போர்டு மாடலின் பெயர் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் உள்ளதா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது இன்னொரு கவனம் தேவை. ஏஎம்4-இல் பின்கள் ப்ராசசரில்தான் இருக்கின்றன. ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, மின் இணைப்பை எடுத்தபின், பேஸ்ட் சூட்டில் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்தி எடுங்கள்.