இறம்பொடை ஏற்றத்தில் வெளிப்பட்ட பொய்: பழைய மின்சாரக் கார் வாங்குவோருக்கு

மலையகத்தில் பழைய மின்சாரக் கார், அதிலும் விலை உயர்ந்த செடான், வாங்க நினைப்பவர்கள் முற்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கண்டியை அண்டிய ஒரு கார் சேலில் எங்கள் குடும்பத்தின் ஐந்து இலட்சம் ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்ததை எழுத எனக்குத் தடை எதுவும் இல்லை.

நானும் என் தம்பியும் ஹட்டனில் வாடகை வாகனத் தொழில் செய்கிறோம். கண்டி, நுவரெலியா, எல்ல என்று சுற்றும் வெளிநாட்டுப் பயணிகளும் கல்யாண வீட்டாரும் இப்போது சத்தமில்லாத, பின் இருக்கை விசாலமான காரைத்தான் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறின. புதிதாக இறக்கினால் கட்ட வேண்டிய வரி எங்கள் கைக்கு எட்டாது. அதனால்தான் பழையதைத் தேடினோம்.

எங்களுக்குக் காட்டப்பட்டது ஐரோப்பியத் தயாரிப்பு. புதிதாக இருந்தபோது 80 அலகு கொள்ளும் பேட்டரி. மின்சாரக் கட்டணப் பட்டியலில் வருகிற அதே அலகுதான், ஒரு கிலோவாட் மணி. கார் சேல்காரர் மிகவும் அன்பாகப் பேசினார். "அண்ணன், இது கட்டாரில் வேலை செய்கிற ஒருவருடைய வண்டி. 2022இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த அனுமதியில் வந்தது. ஒரே கை" என்றார். திரையில் பேட்டரியின் ஆரோக்கியம் 96 சதவீதம் என்று இருந்தது. முழு சார்ஜில் 430 கிலோமீற்றர் ஓடும் என்றும் காட்டியது.

இந்த இரண்டு எண்களையும் நம்ப வேண்டாம். எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று திரை சொல்வது, வண்டி அண்மையில் எப்படி ஓட்டப்பட்டது என்பதை வைத்துப் போடுகிற கணக்கு. வாடிக்கையாளர் வருவதற்கு முன் பேராதனைப் பக்கச் சமதரையில் மெதுவாக ஓட்டி வைத்தால் அந்த எண் தானாகவே பெருகும். ஆரோக்கிய சதவீதம் இதைவிட மோசமானது. பேட்டரியைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, பல மாத ஓட்டத்தில் தான் கற்றுக்கொண்டதை நினைவில் வைத்திருக்கும். ஸ்கேனர் கருவியால் அந்த நினைவை அழித்துவிட்டால், மீண்டும் கற்றுக்கொள்ளும் வரை பழைய பேட்டரியையும் புதியது என்றே சொல்லும். முதல் தலைமுறை நிசான் லீஃப் வாங்கிப் பட்டவர்களுக்கு இது தெரியும். வாங்கும் நாளில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளும் நிறைந்து நிற்கும், பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். விலை உயர்ந்த காரில் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஏமாற்றிக் கிடைக்கும் இலாபம் அங்கேதான் பெரிது.

இதெல்லாம் தெரிந்துதான் நாங்கள் போனோம். வண்டியை நுவரெலியா வரை ஏற்றிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவோம் என்று முதல் பேச்சிலேயே சொன்னோம். முற்பணம் கட்டாத எவருக்கும் கம்பளை தாண்டி வண்டி தருவதில்லை, காப்புறுதி அப்படி என்றார்கள். ஏற்றத்தில் திருப்தி இல்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று என் தம்பியின் முன்னால், எங்கள் மெக்கானிக்கின் முன்னால் வாக்குக் கொடுத்தார் கார் சேலின் உரிமையாளர். அதன் பிறகே பணம் கை மாறியது.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், மேலே தூக்கப்படும் எடையை எந்தக் கணினியாலும் குறைத்துக் காட்ட முடியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கம்பளை சுமார் 500 மீற்றர். ஆட்களோடு சேர்த்து இரண்டரை தொன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஒன்பது அலகுக்கு மேல் தேவை. சக்கர உராய்வும் காற்றின் எதிர்ப்பும் அதற்கு மேல். 80 அலகு பேட்டரிக்கு இது பெரிய வேலை அல்ல, கால் பங்கு சார்ஜ் போதும். தேய்ந்துபோன பேட்டரி இங்கேதான் அகப்படும்.

கம்பளையில் 82 சதவீதத்தோடு புறப்பட்டோம். புசல்லாவ தாண்டும் வரை எண் மெதுவாகவே இறங்கியது. முன் இருக்கையில் இருந்த கார் சேல் பையன் சிரித்துக்கொண்டே வந்தான். இறம்பொடை வளைவுகளில் தம்பி அழுத்தி ஓட்டத் தொடங்கியதும் 66இல் இருந்த எண் இடையில் எதையும் காட்டாமல் 52க்கு விழுந்தது. அடுத்த ஏற்றத்தில் சக்தி குறைக்கப்பட்டுவிட்டது என்று காட்டும் ஆமைப் படம் திரையில் வந்தது, வண்டி இழுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது.

எங்கள் மெக்கானிக் மடிக்கணினியைப் பொருத்தி பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் பார்த்தார். நல்ல பேட்டரியில், ஓரத்தில் நிறுத்திய நிலையில், செல்களுக்கிடையே சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்காது. இதில் ஒரு தொகுதி செல்கள் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் கீழே கிடந்தன. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதன் மிகப் பலவீனமான செல் காலியாகிற இடத்தில் வண்டி நின்றுவிடும். திரையிலேயே இன்னொரு சாட்சியும் இருந்தது. புறப்பட்டதிலிருந்து செலவானது 12 அலகு என்று பயணக் கணக்கு சொன்னது. போனது 30 சதவீதம். 12ஐ 0.3ஆல் வகுத்தால் 40 வருகிறது. அதாவது 80 அலகு பேட்டரியில் பாதிதான் உயிரோடு இருக்கிறது. இந்த ஒரு வகுத்தலைச் செய்வதற்கு மெக்கானிக்கோ கருவியோ வேண்டாம். ஏற்றத்தில் முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓட்டக் கிடைத்தால் போதும், நீங்களே செய்யலாம்.

திரும்பி இறங்கும்போது எண் 55, 56 என்று ஏறியது. "பார்த்தீர்களா அண்ணன், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. மேலே குளிர், அதனால்தான் அப்படி" என்றான் அந்தப் பையன். இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி ஏறச் செலவானதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். எந்த மின்சாரக் காரும் அதைச் செய்யும், அது பேட்டரியின் நலத்துக்குச் சாட்சி ஆகாது. இந்த இடத்தில் நுவரெலியாக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு நேராக இறக்கத்தில் விடாதீர்கள். நிறைந்த பேட்டரியால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க முடியாது. மோட்டார் பிடிப்பது குறைந்து, இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எடை முழுவதும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். விடியற்காலைக் குளிரிலும் இப்படி நடக்கும்.

கார் சேலுக்குத் திரும்பியதும் அன்பு எல்லாம் போய்விட்டது. பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில், சிங்களத்தில், முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார் உரிமையாளர். வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்கு நினைவில்லை என்றார். என் தம்பி கண் கலங்கிப்போய் நின்றதை நான் மறக்க மாட்டேன். தோட்டத்தில் கொழுந்து பறித்து எங்களைப் படிக்க வைத்த அம்மாவின் ஊழியர் சேமலாப நிதியும் அந்தப் பணத்தில் இருக்கிறது.

பிறகு தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. இந்த வண்டி ஜப்பானியச் சந்தைக்குச் செய்யப்பட்டது. அதன் வேக சார்ஜ் துளை சாடெமோ என்ற ஜப்பானிய வகை. புதிதாக வைக்கப்படும் வேக சார்ஜ் நிலையங்களில் பெரும்பாலும் சிசிஎஸ் 2 என்ற ஐரோப்பிய வகைதான் இருக்கிறது. "எங்கும் பொருந்தும்" என்று எங்களிடம் சொன்னது பொய். பதிவுச் சான்றிதழில் ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருந்தது. கடன் கட்டி முடிந்துவிட்டது என்று அவர்கள் சொன்னதற்கு ஒரு கடிதம்கூடக் கிடையாது. கட்டார் உரிமையாளர் கையெழுத்திட்டதாகச் சொன்ன ஓப்பன் பேப்பரில் (வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விடும் உரிமை மாற்றப் பத்திரம்) திகதி இல்லை. வாகன எண்ணை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் போட்டுப் பாருங்கள், லீசிங் நிறுவனத்திடமிருந்து விடுவிப்புக் கடிதத்தை நேரில் கேட்டு வாங்குங்கள்.

முறைப்பாட்டுக்கு வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி ஒருவர் மக்களைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்வதைத் தடை செய்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பேசிப் பார்ப்போம், அடுத்த மாதம் தருகிறேன் என்று இழுத்தடிப்பவர்கள் இந்தக் கெடுவை நன்றாக அறிந்தவர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். நாங்கள் கொடுத்த கடிதத்தோடு பற்றுச்சீட்டின் பிரதி, திரையின் படங்கள், செல் அளவீட்டின் அச்சுப் பிரதி, மெக்கானிக்கின் வாக்குமூலம் எல்லாவற்றையும் இணைத்தோம். வண்டிக்குள் இருந்தபோதே திரையைப் படம் எடுத்து வைத்திருந்தது இப்போது பெரிதும் உதவுகிறது.

கடிதம் போன பிறகு உரிமையாளர் தொலைபேசியில் பேசி, முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றால் இரண்டு இலட்சம் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம். அதே கார் இப்போது பதுளைப் பக்கத்தில் வேறொருவரின் தொலைபேசி இலக்கத்தோடு விளம்பரத்தில் வந்திருக்கிறது. ஆரோக்கியம் 97 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கறுப்பு நிறம், இடது பின் கதவின் வர்ணம் மட்டும் மற்றதைவிடச் சற்று வெளிர், ஸ்டீயரிங்கின் தோல் உறை புதியது. எங்களைப் போல அந்தக் கண்டிப் பக்க இடத்தில் முற்பணம் கொடுத்துவிட்டு அலைபவர்கள் வேறு யாரும் இருந்தால், மூன்று மாதம் கடப்பதற்குள் தனித்தனியாக முறைப்பாடு எழுதுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.