குழாய் இறங்கும் அந்த நொடிக்கு எது வந்து சேரும்? ஃபென்டனில், அல்ஃபென்டனில், ரெமிஃபென்டனில்

நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்தும் வேலை பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த அரை நிமிடத்தை உடல் சும்மா விடுவதில்லை. தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் அலகு நாக்கின் அடிப்பகுதியைத் தூக்கியதும் உடலை அவசர நிலைக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகள் கிளர்ந்தெழுகின்றன. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஓரிரு நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, சுமார் ஐந்து நிமிடங்களில் தணிகின்றன. திடமான இளைஞர் இதைத் தாங்கிக்கொள்வார். இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்கும், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் உள்ளவருக்கும் அந்த ஐந்து நிமிடங்கள் உயிரோடு விளையாடுபவை.

இந்த எழுச்சியை அடக்கத்தான் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி நிவாரணிகளான ஃபென்டனில், அல்ஃபென்டனில், ரெமிஃபென்டனில் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுக்கிறோம். மூன்றில் எது வீரியம் மிக்கது என்று இளம் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அளவைக் கூட்டினால் மூன்றுமே போதிய வீரியம் கொண்டவைதாம். நான் பார்ப்பது நேரத்தை: அலகு வாய்க்குள் போகும் நொடியில் மருந்து மூளையில் உச்சத்தில் இருக்கிறதா, வேலை முடிந்ததும் விலகிவிடுகிறதா?

பால் யான்சன் 1960-இல் உருவாக்கிய ஃபென்டனில்தான் பலருக்கும் கைப்பழக்கமான மருந்து. அதன் உச்ச விளைவு வர 3 முதல் 5 நிமிடங்கள் ஆகும். நடைமுறையில் என்ன நடக்கிறது? ஃபென்டனில் போட்ட கையோடு மயக்க மருந்தான ப்ரோபோஃபால், அடுத்து தசைத் தளர்த்தி, இரண்டாவது நிமிடத்தில் குழாய். தேவைப்பட்டபோது மருந்து இன்னும் வழியில்தான் இருக்கிறது. அது வந்து சேரும்போது நோயாளி எந்தத் தூண்டலும் இல்லாமல், கிருமிநாசினி பூசப்பட்டுக்கொண்டு அமைதியாகப் படுத்திருக்கிறார். முதலில் ஏறிய ரத்த அழுத்தம் பிறகு பள்ளத்தில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மருந்தின் மேல் பழி சொல்வதற்கில்லை, நாம்தான் காத்திருக்கவில்லை. கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் கொடுத்துவிட்டு, ஆக்சிஜன் முகமூடியோடு மூன்று நான்கு நிமிடங்கள் பொறுத்திருந்தால் ஃபென்டனில் தன் வேலையை ஒழுங்காகவே செய்யும். அறுவை சிகிச்சை தொடங்கும்போதும் வலி நிவாரணம் மிச்சமிருக்கும்.

அல்ஃபென்டனில் வீரியத்தில் ஃபென்டனிலைவிடக் குறைந்தது. ஆனாலும் சுமார் 90 நொடிகளில் உச்சத்தை எட்டிவிடுகிறது. இதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. ரத்தத்தின் அமில-கார நிலையில் அல்ஃபென்டனிலின் ஏறத்தாழ 90 சதவீத மூலக்கூறுகள் மின்னூட்டம் இல்லாமல் இருக்கின்றன. ஃபென்டனிலில் அது 10 சதவீதத்துக்கும் குறைவு. மின்னூட்டம் இல்லாதவையே மூளைக்குள் தடையின்றி நுழையும். கொழுப்பில் கரையும் திறன் ஃபென்டனிலுக்கே அதிகம் என்றாலும் வேகத்தில் அல்ஃபென்டனில் முந்துவது இதனால்தான். வழக்கமான அளவு ரோகுரோனியம் என்ற தசைத் தளர்த்தி வேலை செய்யவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகிறது. இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், ஒரே ஊசி, மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் வேண்டாம். குழாய் செலுத்துவதற்கு மட்டும் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கிடைக்கும் இடத்தில் நான் கை நீட்டுவது இதற்குத்தான். எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுத்துக்கொள்பவர்களிடம் மட்டும் கவனம் தேவை. கல்லீரல் இதைச் சிதைப்பதை அந்த மருந்து தாமதப்படுத்தும்.

1990-களின் நடுவில் புழக்கத்துக்கு வந்த ரெமிஃபென்டனில், உச்சத்தை எட்டும் வேகத்தில் அல்ஃபென்டனிலுக்குச் சமம். விலகும் விதத்தில் அதற்கு இணை இல்லை. ரத்தத்திலும் திசுக்களிலும் பரவியுள்ள எஸ்டரேஸ் நொதிகளே அதைச் சிதைப்பதால், எத்தனை மணி நேரம் செலுத்தினாலும் நிறுத்திய 3 முதல் 4 நிமிடங்களில் செறிவு பாதியாகிவிடும். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியைச் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களிடமும் இதற்குத் தடை இல்லை. ஆனால் அதே வேகத்தில் இதயத் துடிப்பையும் சரித்துவிடும். வேகமாகத் தள்ளினால் மார்புத் தசைகள் விறைத்து, குரல்நாண்கள் மூடிக்கொண்டு, முகமூடி வழியாகக் காற்றே இறங்காத நிலைகூட வரும். மூன்று மருந்துகளுக்கும் இந்தக் குணம் உண்டு என்றாலும், ரெமிஃபென்டனிலை அவசரமாகச் செலுத்தும்போது நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், அதுவும் அரை நிமிடத்துக்குக் குறையாமல். இதயத் துடிப்பை ஏற்றும் அட்ரோபின் கைக்கெட்டும் தூரத்தில். இன்னொன்றும் உண்டு: ரத்த நாளத்தில் பொருத்திய ஊசிக்குழாயில் தங்கிய மிச்சத்தைக் கழுவாமல் நோயாளியை வார்டுக்கு அனுப்பினால், அடுத்து அதே வழியில் யாரோ ஒரு மருந்தைச் செலுத்தும்போது அவர் மூச்சு நின்றுபோகலாம்.

தசைத் தளர்த்தியே இல்லாமல், ப்ரோபோஃபாலோடு கிலோவுக்கு ரெமிஃபென்டனில் 3 முதல் 4 மைக்ரோகிராமோ அல்ஃபென்டனில் 40 மைக்ரோகிராமோ சேர்த்துக் குழாய் செலுத்தும் முறையும் இருக்கிறது. செய்ய முடியும். ஆனால் வழக்கமாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தளர்த்தியைத் தவிர்க்கும்போது குழாய் செலுத்துவது கடினமாவதும், தொண்டைக் கரகரப்பும் குரல்நாண் காயமும் கூடுவதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மருந்தை அவ்வளவு அதிகமாகக் கொடுக்கும்போது ரத்த அழுத்தம் வீழ்வதும் வழக்கம். முதியவரிடம் அதை முயல எனக்கு மனம் வராது. சக்சினைல்கோலினின் ஆபத்துகளுக்கு அஞ்சியே முன்பு இந்த முறையை நாடினார்கள். ரோகுரோனியத்தின் விளைவை சுகாமாடெக்ஸ் நிமிடங்களில் நீக்கிவிடும் காலத்தில் அந்த நியாயம் வலுவிழந்துவிட்டது. தசைக்களைப்பு நோய் உள்ளவர்கள், நரம்பைக் கண்காணித்தபடி செய்யும் தைராய்டு அறுவை சிகிச்சை போன்ற சில இடங்களில் மட்டும் அதற்கு மதிப்பு இருக்கிறது.

நீண்ட அறுவை சிகிச்சை, முடிந்ததும் உடனே கண்விழிக்க வைத்து நரம்பியல் பரிசோதனை செய்ய வேண்டும் என்றால் ரெமிஃபென்டனில்தான்; அங்கே குழாய் செலுத்துவதும் அதே பம்பிலேயே அடங்கிவிடும். ஆனால் நிறுத்தியதும் வலி முழு வேகத்தில் திரும்பும் என்பதால், தையல் போடும் முன்பே மார்ஃபினோ வேறு வலி நிவாரணியோ உள்ளே போயிருக்க வேண்டும்.

மிக உயர்ந்த ரத்த அழுத்தத்தோடு அறுவைப் பிரசவத்துக்கு வரும் கர்ப்பிணியிடம் என் தேர்வு கிலோவுக்கு அல்ஃபென்டனில் 10 மைக்ரோகிராம் அல்லது ரெமிஃபென்டனில் 1 மைக்ரோகிராம். இரண்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைச் சென்றடையும். முதல் மூச்சு சற்றுத் தாமதமாகலாம். அதனால் ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே குழந்தை மருத்துவரை அழைத்து, என்ன மருந்து, எவ்வளவு, எந்த நிமிடத்தில் என்று சொல்லிவிடுகிறேன்.