மெல்போர்ன் குடிநீருக்கு எது நல்லது: முதிய காடா, வெட்டிய இடத்தில் வளரும் காடா?
"வெட்டினால் என்ன, திரும்ப வளர்ந்துவிடுமே" என்பவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குக் குடிநீர் தரும் மவுண்டன் ஆஷ் (மிக உயரமாக வளரும் ஒரு யூகலிப்டஸ் மரம்) காடுகளைப் பார்க்க வேண்டும். வெட்டிய ஓரிரு ஆண்டுகள் ஓடையில் தண்ணீர் கூடும், உறிஞ்ச மரம் இல்லையே. அப்புறம்தான் சிக்கல். நெருக்கியடித்து வளரும் இளமரங்கள், மண்ணில் இறங்கி ஊற்றாக வர வேண்டிய நீரை இழுத்து இலைவழியே காற்றில் விட்டுவிடுகின்றன. 1939 பெருந்தீயில் எரிந்து மீண்டும் முளைத்த காடுகளிலும் இதே கதைதான்: 25, 30 ஆண்டுகளில் ஓடைநீர் ஏறக்குறைய பாதியாகிவிடும், பழைய அளவு திரும்ப நூறாண்டுக்கு மேல் ஆகும். முதிய காட்டிலோ மரங்கள் குறைவு, இடைவெளி அதிகம், குடிப்பதும் குறைவு. நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என் ஓட்டு முதிய காட்டுக்கே. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் 2024 தொடக்கத்தில் அரசின் இயற்கைக் காடுகளில் மரவெட்டை நிறுத்தியது, சரி. ஆனால் ஏற்கெனவே வெட்டிய சரிவுகள் இன்னும் பல பத்தாண்டுகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.