ரூட் கேனலுக்குப் பிறகும் தாடை வலி: பல்லை மறுபடி திறப்பதா, பிளேட் போடுவதா?

காரைக்குடியில் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனல் செய்து கேப்பும் மாட்டியாயிற்று. பல் அடங்கிவிட்டது, காதுக்கு முன்னால் தாடையில் பிடித்த வலி மட்டும் போகவில்லை. 3 மாதம் தாண்டினாலே நாள்பட்ட வலி என்கிறார்கள் டாக்டர்கள். எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. இருந்த வழிகள்: அதே பல்லுக்கு மறுபடி ரூட் கேனல், அல்லது பிடுங்குவது, மதுரைக்குப் போய் முகத்தாடை டாக்டரிடம் பிளேட் (பற்களின் மேல் மாட்டிக் கழற்றும் உறை) போட்டுக்கொள்வது, நரம்பு டாக்டர். நான் பிளேட் போட்டவன், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

எதற்கும் முன்னால், கேப் உயரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மைத்தாளைக் கடிக்க வைத்து, மை அழுத்தமாகப் பதிந்த இடத்தை லேசாகத் தேய்த்துவிடுவார்கள். சிலருக்கு அதோடு சரியாகிவிடும்.

மறுபடி ரூட் கேனல் செய்வது மோசமான வழி இல்லை. வேரில் ஒரு கால்வாய் விடுபட்டிருக்கலாம், சீழ் இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் சிக்காதது, பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் தெரியலாம். பல்லைத் தட்டினால் வலி, ஈறில் வீக்கம் என்றால் முதலில் பல்லைத்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தட்டினால் ஒன்றுமில்லை, கன்னத்துச் சதையை அழுத்தினால்தான் உயிர் போனது. வாயை நெடுநேரம் பிளந்து வைத்திருந்தாலும், மரத்துப்போகப் போடும் ஊசி பக்கத்துத் தசையில் பட்டாலும் இப்படி ஆவதுண்டாம்.

“பல்லைப் புடுங்கித் தூர எறியப்பா” என்றார் அப்பத்தா. நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: சரிவராவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா? பிடுங்கினது பிடுங்கினதுதான். அப்புறம் இம்பிளான்ட், பிரிட்ஜ் என்று செலவு நீளும். பிரிட்ஜுக்குப் பக்கத்து நல்ல பற்களையும் ராவ வேண்டும். மறுபடி ரூட் கேனல் என்றால் பல் இன்னும் மெலியும், வலிக்கிற தாடையையே திரும்பவும் பிளந்து வைக்க வேண்டும். வலி தசையிலோ நரம்பிலோ இருந்தால் பல் போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். உடனே அடுத்த பல் மேல் சந்தேகம் விழும். இப்படியே வரிசையாகப் பல்லை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிளேட் ஒத்துவரவில்லையா, கழற்றி டப்பாவில் போட்டுவிடலாம். ஆனால் அது எல்லாப் பற்களையும் மூடுகிற கெட்டி அக்ரிலிக்காக இருக்க வேண்டும். சில பற்களை மட்டும் மூடுவதை நாள் முழுக்கப் போட்டால் கடியே மாறிப்போகும். நான் சொன்ன நியாயமும் அடிபட்டுப்போகும்.

பராமரிப்பு பெரிதில்லை: பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவணும், வெந்நீர் பட்டால் கோணிவிடும். அலைச்சல்தான் தொல்லை. கடி பொருந்தும்வரை கூப்பிடும்போதெல்லாம் மதுரைக்குப் போய் ராவிக்கொண்டு வரணும். புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. நமக்கு மதுரையைவிடக் கிட்டம். நான் அங்கே காட்டியதில்லை.

கூடவே சூட்டு ஒத்தடம், வாய்ப் பயிற்சி, மெத்தென்ற சாப்பாடு. தேன்குழலும் சீப்புச் சீடையும் கூடாது. இடியாப்பமும் பால் பணியாரமும் இருக்கும் ஊரில் இதொன்றும் பெரிய தண்டனை இல்லை. வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. பிளேட்டால் குறைந்ததா, ஒத்தடத்தாலா, சும்மா நாள் போனதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நரம்பு டாக்டர் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை. முகம் கழுவினாலோ காற்று பட்டாலோ சில நொடி ஷாக் அடிப்பது போல வந்தால் அது டிரைஜெமினல் என்கிற முக நரம்பின் வலியாக இருக்கலாம். அதற்கு கார்பமசெபைன் போன்ற வேறு வகை மாத்திரை. சிகிச்சைக்குப் பிறகு உதடு மரத்தே இருந்தாலோ, விடாமல் எரிந்தாலோ பிளேட்டுக்காகக் காத்திருக்காமல் முதலில் அதைச் சொல்லிக் காட்டுங்கள். நடந்தால், மாடி ஏறினால் தாடை வலித்து நெஞ்சும் அடைத்தால் பல் டாக்டரிடமே போக வேண்டாம், நேரே இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.