கரை போடுவதா, குட்டை வெட்டுவதா?

மேட்டுக்காட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்க எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. பட்டா நிலத்துக்குள்ளேயே இருக்கும் பள்ளத்தின் குறுக்கே மண்கரை போட்டுத் தேக்கலாம், இல்லையென்றால் ஓரமாகப் பண்ணைக்குட்டை வெட்டலாம். நான் வெட்டியது குட்டை. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

செலவைப் பார்த்தால் கரைதான் ஜெயிக்கும். பாதி வேலையை நிலத்தின் சரிவே செய்துவிடும், போட்ட மண்ணைவிடப் பல மடங்கு தண்ணீர் நிற்கும். குட்டையில் எவ்வளவு மண் அள்ளுகிறோமோ அவ்வளவுதான் தண்ணீர். 30-க்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், ஓரத்தை ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்வாங்கும்படி சரித்து வெட்டினால் 14 லட்சம் லிட்டர் சொச்சம். மோட்டார் வேறு வைக்க வேண்டும். சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

கரை உடைந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்ற கேள்வியில்தான் நான் நின்றேன்.

நான் நினைத்திருந்த கரை 4 மீட்டர் உயரம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உள்ளவற்றையும், 10 முதல் 15 மீட்டருக்குள் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளில் வருபவற்றையும்தான் தொடுகிறது. நம் கரை அதில் வரவே வராது என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஆபத்து உயரத்தில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அணைகளை, உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதை வைத்துக் குறைந்த, கணிசமான, அதிக ஆபத்து என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். கரை பலமா, சொத்தையா என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அதையும் அப்படியே நம்ப முடியாது. ஹவாயில் கவாய் தீவிலிருந்த கா லோகோ, தனியார் மண் அணை, 'குறைந்த ஆபத்து' வகையில்தான் இருந்தது. 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் போனார்கள். கென்யாவின் சோலாயில் 2018 மே மாதம் ஒரு ராத்திரியில் உடைந்ததும் தனியார் பண்ணையின் மண் அணைதான், 40 பேருக்கு மேல் செத்தார்கள்.

எங்கள் நிலத்துக்குக் கீழே முன்பு வெறும் கடலைக்காடு. இப்போது மனைக்கல் நட்டு மூன்று வீடு வந்துவிட்டது, அதில் ஒன்று பள்ளத்துக்கு நேர் எதிரே. அன்றே கரை போட்டிருந்தால், மேற்கொண்டு ஒரு கூடை மண்கூடப் போடாமலேயே அது ஆபத்தான கரை ஆகியிருக்கும்.

அப்புறம் பராமரிப்பு. பெரியப்பாவின் கரையில் போன ஐப்பசி மழையின் மூன்றாம் நாள், வெளிச்சரிவில் நண்டு வளை ஒன்றிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "கரைன்னா கசியத்தான்டா செய்யும்" என்றார். கையில் பிடித்துப் பார்த்தேன், செம்மண் கலங்கல். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம், கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினோம், பிறகு வெளிப்பக்கம் மணலைக் கொட்டி, அதன்மேல் ஜல்லி போட்டோம். வருஷா வருஷம் எலி வளை, கரையான் புற்று, சரிவில் முளைக்கும் வேலிக்காத்தான் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டவுனில் வேலை பார்க்கும் என்னால் அது ஆகாது. குட்டையில் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழேயே நிற்பதால் உடைந்து ஓட ஒன்றுமில்லை, எனக்கு மிச்சமிருப்பது தூர் அள்ளுவதும் வேலி போடுவதும்தான். வேலி கட்டாயம், குழந்தைகள் விழுந்தால் குட்டையும் கொல்லும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், என் குட்டை பார்த்தது இரண்டு மழைக்காலம்தான், மண்ணும் நல்ல களிமண். மணல்பாங்கான இடமென்றால் தண்ணீர் இறங்காமலிருக்க பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டிவரும், அந்தச் செலவில் கணக்கு மாறலாம். கீழே ஊரோ வீடோ இல்லாத, தினமும் ஆள் நடமாடும் தோட்டம் என்றால் தாராளமாகக் கரை போடுங்கள். ஆனால் மண்ணை அரை அடி அடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் விட்டு இறுக்குங்கள், ஜேசிபியால் கொட்டித் தட்டிவிட்டுப் போகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலிங்குக்கு விட்ட இடத்தில் பின்னால் வாழை நடுகிறேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள்.