கல்லடிப் பக்கம் வரலாற்றுப் பலகை: கல்லா, பித்தளையா, ஸ்டிக்கர் போர்டா?

மட்டக்களப்பு புளியந்தீவுக்குள்ள கோட்டைப் பக்கம் பழைய இடங்களுக்கு முன்னால வரலாற்றுப் பலகை வச்ச வேலையில நானும் நிண்டவன். இப்ப அதையே பாலம் தாண்டி கல்லடி உப்போடையில விபுலாநந்த அடிகள்ட சமாதி வரைக்கும் நீட்டுவம் எண்டு கதை வந்திருக்கு, வந்த கையோட எதுல செய்யிற எண்டு பழைய சண்டையும் வந்திட்டு. நான் கருங்கல் கட்சி, முதல்லயே சொல்லிடுறன்.

பித்தளைய விட்டுருங்க. வடிவுதான், ஆனா ரோட்டோரத்துல வச்சா பிறகு பழைய இரும்புக்காரன்ட தராசுலதான் தேடோணும்.

ஏசிபி போர்டுல, அதான் ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்ச பலகையில, ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு நியாயம் இல்லாம இல்ல. காசு குறைவு, கெதியா முடியும், மூண்டு மொழியும் இடிபடாம நிக்கும். பிழை விட்டாலும் திருத்தலாம், இது பெரிய விஷயம். கோட்டைக்கு ‘டச்சுக்கோட்டை’ எண்டு மட்டும் எழுதிட்டு, 1628ல போர்த்துக்கேயர் கட்டி 1638லதான் ஒல்லாந்தர் பிடிச்சாங்க எண்டத விட்டுட்டா ஸ்டிக்கர உரிச்சி வேற ஒட்டலாம், கல்லுல வெட்டினா வெட்டினதுதான். சென்ட்ரல் கொலிஜ் தொடங்கின வருஷம் 1814ல ஒரு இலக்கம் மாறினா பழைய மாணவர் விடுவாங்களா?

ஆனா பராமரிப்பு எண்டு வந்தா ஸ்டிக்கர் தோத்துப் போகும். வெயில் படுற பக்கம் சிவப்புதான் முதல்ல போகும், பிறகு ஓரம் சுருளும், அதெல்லாம் கூட பரவால்ல. மெயின் பிரச்சினை மரண அறிவித்தல். எங்கட ஊர்ல மட்டமான இடம் எது கண்டாலும் பசை பூசி ஒட்டிருவாங்க, செத்த வீட்டுக்காரர்ட்ட போய் சண்டையும் பிடிக்க ஏலாது, மழைக்கு ஊறினத நாங்க சுரண்டப் போனா கடதாசியோட சேர்ந்து எங்கட எழுத்தும் உரிஞ்சி வரும். கல்லுல ஒட்டினா ஒரு வாளி தண்ணியும் தும்பும் போதும்.

கல்லிலயும் எல்லாக் கல்லும் ஒண்டில்ல. லேசர்ல சுரண்டின எழுத்து கடையில பளபளப்பாத் தெரியும், ஆழம் இல்லாததால வெளிய தூசி எண்ணெய் படிஞ்சா கிட்டப் போய்த்தான் வாசிக்கோணும். கல்லறைக்கு கல்லு வெட்டுறவங்கள்ட்ட சொல்லி ஆழமா வெட்டி வாங்கினா, உள்ள அடிச்ச பெயின்ட் போனாலும் நிழல்லயே எழுத்து தெரியும், பிறகு ஒரு சின்ன பிரஷும் வெள்ளை எனாமலும் இருந்தா பள்ளிக்கூடப் பொடியனே நிரப்பிருவான். எழுத்துக் கணக்குலதான் காசு கேப்பாங்க, அதால வசனத்த சுருக்கோணும், எனக்கு அதுவும் நல்லதாத்தான் படுது, முழு வரலாறையும் ரோட்டுல நிண்டு வாசிக்க ஆருக்கு நேரம்?

கல்லு கெடுறதில்ல, ஆணிதான் கெடுறது. ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், சாதா இரும்பு போல்ட் போட்டா உள்ளுக்க கறள் பிடிச்சி ஊதி கல்லோட மூலைய வெடிக்க வச்சிரும். ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் போடோணும், பேரம் பேசேக்க மேசன் முதல்ல குறைக்கப் பாக்கிறதும் அதத்தான். பக்கத்துலயே நிண்டு பாருங்க.

நடைபாதையில பதிக்கிற யோசனையும் ஒரு சிலருக்கு இரிக்கு. நான் செய்து பாத்ததில்ல, ஆனா தண்ணி பைப்புக்கு ஒருக்கா கிண்டினா அந்தக் கல்லு திரும்ப அதே இடத்துக்கு வரும் எண்டு எனக்கு நம்பிக்கை இல்ல. மதில்தான் பத்திரம்.

பழைய பாலத்தடியிலதான் கல்லு சரிவராது போல கிடக்கு. பிரிட்டிஷ் காலத்து ஆளுநர் மனிங்ட மனைவி பேர்ல லேடி மனிங் பாலம் எண்டு வச்ச இரும்புப் பாலம், 2013ல பக்கத்துல புதுப் பாலம் திறந்த பிறகும் நிக்கிது. அங்க மதிலும் இல்ல, இரும்புல ஓட்டை போட விடவும் மாட்டாங்க. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கரையில கொங்கிரீட் தூண் நட்டு ஸ்டிக்கர் போர்டு போடலாம் எண்டு நானே சொல்லியிருக்கன், மரண அறிவித்தல் ஒட்டாம இருக்க கொஞ்சம் உயரமா.