இரவு 11:35: ஆன்டெனாவோடு ஆறு வருடங்கள்

நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். 2019 கடைசியில் கேபிளை நிறுத்தினேன். அன்றிலிருந்து லேட் நைட் ஷோக்களை, அதாவது அமெரிக்க டிவியில் இரவில் வரும் நகைச்சுவைப் பேச்சு நிகழ்ச்சிகளை, அவை ஒளிபரப்பாகும் நேரத்திலேயே, சட்டப்படியான வழியில் மட்டும் பார்த்து வருகிறேன். எதையெல்லாம் முயன்றேன், கடைசியில் எது நிலைத்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

"மறுநாள் காலையில் யூடியூபில் கிடைக்கிறதே, எதற்கு ராத்திரி கண் விழிக்கிறாய்?" என்று ஆபீசில் கேட்பார்கள். யூடியூபில் வருவது துண்டுகள். நான் பார்க்க விரும்புவது முழு நிகழ்ச்சியை. முதலில் தொகுப்பாளர் தனியாக நின்று பேசும் மோனோலாக் அன்றைய செய்தியை வைத்து அன்றைக்கே எழுதப்படுவது; மறுநாள் மதியம் பார்த்தால் ஆறிப்போன காபி மாதிரி இருக்கும். அப்புறம், கடைசியில் வரும் இசைக்குழுவையோ புது நகைச்சுவைக் கலைஞரையோ நானாகத் தேடிப் போய்ப் பார்த்திருக்கவே மாட்டேன். எனக்குப் பிடித்துப்போன பலர் அப்படி இரவு 12:25-க்கு அறிமுகமானவர்கள்தான்.

'லைவ்' என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். இவை பெரும்பாலும் அன்று மாலையே பார்வையாளர்கள் முன்னால் பதிவாகி இரவில் ஒளிபரப்பாகின்றன. ஜிம்மி கிம்மெல் நிகழ்ச்சியின் பெயரிலேயே லைவ் இருக்கிறது. அதுவும் ஹாலிவுட்டில் மாலையில் பதிவாவதுதான். ஆனால் ஸ்டீபன் கோல்பேர் அதிபரின் ஸ்டேட் ஆஃப் தி யூனியன் என்ற ஆண்டு உரை, கட்சி மாநாடுகள் போன்ற இரவுகளில் நிஜமாகவே நேரலையில் வந்திருக்கிறார். ஆகவே லைவ் என்று நான் சொல்வது, சேனலில் வரும் அதே நிமிடத்தில் பார்ப்பதை.

கேபிள் இருந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிக்கு வாடகை, உள்ளூர் சேனல்களுக்கென்று தனிக் கட்டணம் என்று பில் மாதாமாதம் ஏறியது. நிறுத்துகிறேன் என்று சொல்ல நாற்பது நிமிடம் போனில் காத்திருந்தேன். காற்றில் இலவசமாக வரும் மூன்று சேனல்களுக்குத்தான் இவ்வளவு நாள் பணம் கட்டினோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அமெரிக்காவில் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி மூன்றும் இன்றும் ஆன்டெனாவில் இலவசமாக வருகின்றன. கிழக்குக் கடற்கரை நேரப்படி 11:35-க்கு என்பிசியில் ஜிம்மி ஃபாலன், சிபிஎஸ்ஸில் கோல்பேர் (2026 மே வரை), ஏபிசியில் கிம்மெல். 12:35-க்கு என்பிசியில் சேத் மையர்ஸ். விதிவிலக்கு 'தி டெய்லி ஷோ'. அது காமெடி சென்ட்ரல் என்ற கேபிள் சேனலில் வருவதால் ஆன்டெனாவில் கிடைக்காது.

முதலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் தகடு ஆன்டெனா ஒன்றை வாங்கினேன். எடிசனிலிருந்து மன்ஹாட்டன் நேர்கோட்டில் 30 மைலுக்குள்தான். நான்காம் எண்ணில் என்பிசியும் இரண்டாம் எண்ணில் சிபிஎஸ்ஸும் பளிச்சென்று வந்தன. ஏழில் வரும் ஏபிசி மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தது. கிம்மெல் வாயைத் திறப்பார், படம் உறைந்து நிற்கும். இரண்டு வருடம் இதற்குக் காரணம் புரியாமலே ஓட்டினேன்.

2022 கோடையில் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்தார். ஜெட் லாக்கில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இரவு பதினொன்றரைக்கு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். எண்பதுகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை டிவியான ரூபவாஹினியைப் பிடித்தவர் அவர். குழாயை அவர் திருப்ப, "தெரியுது, தெரியுது... போச்சு!" என்று கீழேயிருந்து நான் கத்திய நாட்கள் உண்டு. கிம்மெல் உறைந்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏல, இந்தத் தகடு பத்தாது. இந்தச் சேனலுக்கு நீளக் கம்பி வேணும்."

அவர் சொன்னது அப்படியே சரி. நியூயார்க்கில் என்பிசியும் சிபிஎஸ்ஸும் யூஎச்எஃப் என்ற, அதிர்வெண் கூடிய அலைவரிசையில் வருகின்றன. அலைநீளம் அரை மீட்டர் அளவுதான். ஏபிசி இன்னமும் அதைவிட அதிர்வெண் குறைந்த விஎச்எஃப் ஏழாம் சேனலிலேயே இருக்கிறது. அதன் அலைநீளம் 1.7 மீட்டருக்குப் பக்கம். சின்னத் தகட்டில் அது சரியாகச் சிக்காது. மறுநாள் இரண்டு நீளக் கம்பிகள் கொண்ட பழைய பாணி ஆன்டெனா ஒன்றை 30 டாலருக்குள் வாங்கி வந்தோம். அப்பா கம்பிகளை முழுசாக இழுத்துப் படுக்கை வாட்டில் விரித்து வைத்தார். அன்றிரவு கிம்மெல் ஒரு தடவைகூட உறையவில்லை. இங்கிலீஷ் வேகம் அப்பாவுக்குப் பிடிபடவில்லை என்றாலும், படம் தெளிவாக வந்த சந்தோஷத்தில் கடைசி வரை பார்த்தார்.

பால்கனியில் வைத்தால் இன்னும் நன்றாக வந்தது. உடனே குடியிருப்பு அலுவலகத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் 1996-ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் தனக்கு மட்டுமே உரிய பால்கனியில் டிவி ஆன்டெனா வைப்பதை வீட்டுக்காரரோ குடியிருப்புச் சங்கமோ பொதுவாகத் தடுக்க முடியாது. விதியை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இந்த விதியைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முகவரிக்கு எந்தச் சேனல் எவ்வளவு வலுவாக வரும் என்ற வரைபடமும் எஃப்சிசி தளத்திலேயே இருக்கிறது. ஆன்டெனா வாங்கும் முன் அதைப் பாருங்கள். நான் பார்க்காமல் இரண்டு வருடத்தை வீணாக்கினேன்.

சிக்னல் எட்டாத ஊரில் இருப்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங்தான் வழி. இங்கே பலர் ஏமாறுவது ஒரு இடத்தில். என்பிசியின் ஸ்ட்ரீமிங் சேவையான பீகாக்கில் குறைந்த சந்தா கட்டினால் ஃபாலன் மறுநாள்தான் கிடைப்பார். உள்ளூர் என்பிசி சேனல் நேரலையில் வேண்டுமென்றால் பிரீமியம் பிளஸ் எடுக்க வேண்டும். 2025 ஜூலையில் அது மாதம் 16.99 டாலர் ஆனது. சிபிஎஸ் நிகழ்ச்சிகள் வரும் பாரமவுண்ட் பிளஸ்ஸிலும் இதே கதைதான்: சிபிஎஸ் நேரலை மேல் சந்தாவில் மட்டும். ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் சேவையில் கிம்மெல் மறுநாள். மூன்று சேனலும் ஒரே இடத்தில் வேண்டுமென்று, டிவி சேனல்களை இணையத்தில் நேரலையாகத் தரும் யூடியூப் டிவி சந்தாவை ஒரு வருடம் வைத்திருந்தேன். பயன்படுத்த அருமையாக இருந்தது, பதிவு வசதியும் தாராளம். ஆனால் 2017-ல் 35 டாலரில் தொடங்கியது 2025-ல் 82.99 ஆகிவிட்டது. லேட் நைட்டுக்காக மட்டும் அவ்வளவு கட்ட எனக்கு மனமில்லை. இன்னொன்று, நான் பார்த்த ஸ்ட்ரீமிங் எதுவும் ஆன்டெனாவைவிட அரை நிமிடமாவது பின்தங்கியே வந்தது.

2023-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் மே மாதம் தொடங்கி ஐந்து மாதம் நடந்தபோது எல்லாச் சேனலிலும் பழைய நிகழ்ச்சிகள்தான் ஓடின. சந்தா எதுவும் கட்டாததால் எனக்கு நஷ்டமில்லை.

பத்தாயிரம் சேனல் வரும் என்று கையில் திணிக்கப்படும் திருட்டு ஸ்ட்ரீமிங் பெட்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். அந்த நிகழ்ச்சியில் உழைப்பவர்களுக்கு அதிலிருந்து ஒரு சென்ட்கூடப் போகாது. எது சட்டப்படி என்பதில் நல்லெண்ணம் உள்ளவர்களே தடுமாறிய துறை இது. காற்றில் வரும் சேனல்களை இணையத்தில் கொடுத்த ஏரியோ என்ற நிறுவனத்தை 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிறுத்தியது. அதே வேலையை லாப நோக்கமில்லாமல் செய்த லோகாஸ்ட்டும் 2021-ல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மூடப்பட்டது. ஆனால் நமக்கு வரும் நிகழ்ச்சியை வீட்டிலேயே பதிவு செய்து பிறகு பார்ப்பதில் சிக்கலில்லை. 1984-ல் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் அனுமதித்த விஷயம். ஆன்டெனாவோடு இணைத்த ஒரு ரெக்கார்டர் எங்கள் வீட்டில் நான்கு வருடமாக ஓடுகிறது. விளையாட்டுப் போட்டி நீண்டால் நிகழ்ச்சி தள்ளிப்போகும் என்பதால் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்த்துப் பதிவு வையுங்கள். வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் பழையதுதான் வரும்.

எல்லாவற்றையும்விட நேரடியான வழி ஒன்று உண்டு, அதுவும் இலவசம்: பதிவுக்கே போவது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகு பிராட்வேயில் எட் சல்லிவன் தியேட்டரில் கோல்பேர் நிகழ்ச்சிக்கு இணையத்தில் டிக்கெட் கிடைத்தது. குளிரில் நீண்ட வரிசை. உள்ளே போனதும் முதலில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் வந்து கூட்டத்தைச் சூடேற்றினார். அப்புறம் பேண்ட் எழுப்பிய சத்தம் நெஞ்சில் இடித்தது. முடிந்ததும் ரயிலேறி வீட்டுக்கு வந்து, 11:35-க்கு அதே நிகழ்ச்சியை ஆன்டெனாவில் பார்த்தேன். என் கைதட்டலும் அதில் எங்கேயோ இருந்தது.

அந்த நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடிகிறது என்று சிபிஎஸ் 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது. 2015-லிருந்து பார்ப்பவனுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. அப்பா ஏப்ரல் கடைசியில் மறுபடி வருகிறார். முதல் சில நாட்கள் அவருக்கு எப்படியும் தூக்கம் வராது. கம்பியைத் துடைத்து, இரண்டாம் சேனலைப் போட்டு வைத்திருப்பேன்.